குதிரை வண்டி அல்ல, குதிரைக்கு வண்டி

1

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வட்டாரத்தில் இப்போது எங்களைப் பற்றி ஒரு செய்தி உலவுகிறதாம். அமெரிக்காவில் ரங்கராஜனுக்கு வேலை போய்விட்டது, பிழைப்புக்குக் குதிரை வண்டி ஓட்டுகிறான் என்று. போன வாரம் என் நாத்தனார் கமலா அக்கா போன் செய்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“மீனா, எங்கிட்ட மறைக்காதே. ஜட்கா ஓட்டறானாமே அவன்? பெருமாளே! இங்க ஸ்டேஷன் வாசல்ல ஓட்டிண்டிருந்தவா எல்லாரும் என்னிக்கோ ஆட்டோ வாங்கிட்டா. இவன் அவ்வளவு தூரம் போய் குதிரையைப் பிடிச்சிண்டு நிக்கறானே!”

வதந்திக்கு விதை போட்டது நான்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். ஒரு பிக்கப் லாரி, அதன் பின்னால் நீளமாக ஒரு பெட்டி, பெட்டியின் ஜன்னலில் ஒரு குதிரை முகம். பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு என் வீட்டுக்காரர். அடியில் ‘இன்றோடு ஒரு வருஷம்’ என்று எழுதியிருந்தேன். எதற்கு ஒரு வருஷம் என்று எழுதவில்லை. மீதியை உத்தர வீதியே எழுதிக்கொண்டது.

ஆகவே காவிரிக்கு இரண்டு கரையிலும் உள்ள சொந்தபந்தங்கள் சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது: இவருடைய கம்ப்யூட்டர் வேலை பத்திரமாக இருக்கிறது. குதிரை எங்களை இழுக்கவில்லை. நாங்கள்தான் குதிரையை இழுத்தோம். அதுவும் மலை மேல். விவரம் கீழே. படித்துவிட்டுக் கமலா அக்காவுக்கும் யாராவது சத்தமாகப் படித்துக் காட்டவும். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தில்லை நகர்க்காரி. அப்பாவுக்குப் பால்பண்ணைப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் இருந்தது. மேட்டில் ஏறும் லாரி போடுவது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும். இவர் ஸ்ரீரங்கம். சைக்கிள் செயின் கழன்றால், கையில் அழுக்கு படுமே என்று வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போகிற ரகம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஆரம்பித்த விவகாரம் எங்களுடையது. இந்தக் கரையில் என் அப்பாவும் அந்தக் கரையில் இவர் அப்பாவும் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் நன்றாக இருப்பதாக ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது நாங்கள் இருப்பது கொலராடோ மாநிலத்தில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரே பெண். பெயர் கோதை. பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு குதிரைப் பண்ணைக்குப் போனவள் அன்றைக்கே எங்கள் கையை விட்டுப் போனாள். வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவ ஆயிரம் சாக்குச் சொல்லும் பெண், அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு லத்தி அள்ளினாள். அள்ளி அள்ளியே, வயதான ஒரு பழுப்புக் குதிரையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். அதன் பெயர் பிஸ்கட்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவருக்குக் குதிரை என்றால் அது பெருமாள் ஏறி வரும் வாகனம். ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள். கொள்ளு கேட்காது, உதைக்காது, உற்சவம் முடிந்தால் துணி போட்டு மூடி வைத்துவிடலாம். பிஸ்கட்டை முதல் தடவை பார்த்தபோது இவருடைய இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. அது இவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தின்னப் பார்த்தது.

குதிரை வளர வளர, இல்லை, குதிரை வளரவில்லை, பெண்தான் வளர்ந்தாள், வீட்டில் பேச்சு குறைந்தது. என்னிடமாவது துணி எங்கே, சாவி எங்கே என்று கேட்பாள். அப்பாவோடு அதுவும் இல்லை.

“சாப்டியாமா?”

“ம்.”

“எப்ப வருவ?”

“லேட்டர்.”

அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. குதிரைப் போட்டிகளுக்கு இவர் ஆசையாகத்தான் போவார். ஒரு தடவை அவள் தடை தாண்டும் நேரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு, “பாத்துமா, பாத்து, பாத்து!” என்று இவர் கத்தியதில் பிஸ்கட் திரும்பி இவரைப் பார்த்துவிட்டது. அதிலிருந்து காரிலேயே உட்காரும்படி கோதை கேட்டுக்கொண்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். இவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் “பாத்துமா” சொல்லிக்கொண்டிருப்பார். பெண் படித்துப் பெரிய ஆளாகவேண்டும் என்றெல்லாம் இவர் ஆசைப்பட்டதை நான் கேட்டதில்லை. தன்னோடு அவள் நாலு வார்த்தை பேசினால் போதும் என்றுதான் இருந்தார்.

3

கரடி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் விபரீதத்துக்கு அதுதான் காரணம்.

குதிரைப் பெட்டியை இழுப்பதற்காகப் பழைய பிக்கப் லாரி ஒன்று வாங்கினோம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, தில்லை நகரில் என்ன செய்வார்களோ அதை இவர் இங்கே செய்தார். அங்கே அன்று ராத்திரி கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்து, மறுநாள் டூ வீலர்காரர்கள் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே இந்தியக் கடையில் தேடிப்பிடித்து ஒரு வெள்ளைப் பூசணி வாங்கி, துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, லாரியைச் சுற்றி வந்து, வீட்டு வாசலில் ஓங்கி உடைத்தார். நாயோடு நடந்து போன பக்கத்து வீட்டு அம்மாள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, யாருக்கு அடிபட்டது என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. விடிந்து பார்த்தால் வாசலில் ஒரு கரடி உட்கார்ந்து பூசணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிவபூஜையில் கரடி என்பார்கள். வைணவர் பூஜையிலும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உணவுப் பொருளைச் சிதறடித்துக் காட்டு மிருகங்களை வரவழைத்த குற்றம். அது உணவு அல்ல, திருஷ்டி என்று இவர் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினார். இந்தச் சடங்கை இனி மூடியுள்ள குப்பைத் தொட்டிக்குள் நடத்திக்கொள்ளலாம் என்று அவர்கள் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்கள்.

அதற்குள் யாரோ எடுத்த கரடி வீடியோ கோதையின் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிவிட்டது. அவள் சிவந்த முகத்தோடு வந்து நின்றாள்.

“அப்பா, ப்ளீஸ். இனிமே ட்ரக் மேல பூ, லெமன், மஞ்சள், எதுவும் வேண்டாம். ப்ராமிஸ்?”

“சரிமா. வண்டி மேல ஒண்ணும் வைக்க மாட்டேன்.”

வாக்கு என்றால் வாக்கு. இவர் அந்த விஷயத்தில் மிகவும் சுத்தம்.

4

பள்ளி முடிந்து, பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்கு மட்டும் இல்லை, பிஸ்கட்டுக்கும். அங்கே லாயத்தோடு கூடிய படிப்பு. நாங்கள் ஹாஸ்டலுக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டி, பக்கெட், தலையணை. இவள் கொண்டுபோவது ஒரு குதிரை.

அதே கல்லூரிக்குப் போகும் தோழி மேகன் வீட்டுப் பெரிய லாரியில் தன் குதிரையும் அவள் குதிரையும் சேர்ந்து போகப்போவதாகக் கோதை என்னிடம் சொன்னாள். அடுத்த அறையிலிருந்து இவர் வந்தார்.

“நம்ம வண்டி இருக்கேமா.”

“மலை ஏறாதுப்பா. கியர் பாக்ஸ் சூடாயிடும். அதுல கூலர் இல்ல.”

“போட்டா?”

அவள் தோளைக் குலுக்கினாள். “போட்டா பாக்கலாம்.”

அந்தத் தோள் குலுக்கலைப் பிடித்துக்கொண்டு இவர் தொங்கினார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர் பாக்ஸுக்குள் ஓர் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். பாரம் இழுத்துக்கொண்டு மேடு ஏறினால் அந்த எண்ணெய் காய்ந்து கருகி, கடைசியில் கியர் பாக்ஸே கையை விரித்துவிடும். அதைத் தடுக்க வண்டியின் முன்பக்கம், காற்று படுகிற இடத்தில், ஒரு குட்டி ரேடியேட்டரை மாட்டி எண்ணெயை அதன் வழியாகச் சுற்றவிடுவார்கள். சூடான காபியை டபராவில் ஊற்றி ஆற்றுகிறோமே, அந்த வேலைதான். இதற்குப் பெயர் டிரான்ஸ்மிஷன் கூலர். கடையில் கொடுத்தால் மாட்டித் தருவார்கள். இவர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தன் கையால் மாட்டிய வண்டியில்தான் தன் பெண் போகவேண்டுமாம். இவர் கையை எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் பிஸ்கட்டின் காகித வேலைகள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிரை போகவேண்டுமானால் ரத்தப் பரிசோதனை, டாக்டர் சான்றிதழ், முகத்தை இடப்பக்கம் வலப்பக்கம் நேர்ப்பக்கம் என்று எடுத்த போட்டோ. குதிரை எங்களுடையதுதானா, திருட்டுக் குதிரையா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பிஸ்கட்டைச் சுற்றி வந்து, “நல்ல பையன்” என்று தட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க எத்தனை வருஷம் வரிசையில் நின்றோம்! எங்களை ஓர் அதிகாரியும் நல்ல பையன் என்று சொன்னதில்லை, தட்டிக்கொடுத்ததும் இல்லை.

5

கூலர் மாட்டிய நாள் ஒரு சனிக்கிழமை. இவர் பார்த்த வீடியோவில் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டே மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறான். இவருக்கு லாரியின் முன்பக்கக் கிரில்லைக் கழற்றவே மத்தியானம் ஆகிவிட்டது. கழற்றிய திருகாணிகள் என் வடாம் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கோதை தூங்கி எழுந்து, சீரியல் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கீழே கிடந்த செய்முறைத் தாளை எடுத்துப் படித்தாள். இவர் அதுவரை அதைப் பிரிக்கவே இல்லை. தாளைப் படிக்கிற ஆண்பிள்ளையை நானும் பார்த்ததில்லை.

“அப்பா, எண்ணெய் திரும்பி வர்ற லைன் எது?”

“அதைத்தான் தேடிண்டிருக்கேன்.”

“தேடறியா, வேண்டிக்கிறியா?”

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவளும் வண்டிக்கு அடியில் போனாள். இரண்டு ஜோடிக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. சிறிது நேரத்தில் “அய்யோ” என்று இவர் குரல். சரியான குழாயைத்தான் கழற்றியிருக்கிறார், ஆனால் தலையை அதற்கு நேர் கீழே வைத்துக்கொண்டு. சிவப்பு எண்ணெய் உச்சந்தலையிலிருந்து வழிய வெளியே வந்தார். ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது நம் பக்கத்து வழக்கம்தான். இத்தனை வருஷம் டிமிக்கி கொடுத்துவந்தவர் அன்றைக்கு மாட்டிக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. புது ரப்பர் குழாய் ஓரிடத்தில் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. உரசினால் நாளைக்கே அறுந்துபோகும் என்று எனக்குள்ளிருந்த லாரி ஆபீஸ் கத்தியது. பழைய குழாயில் ஒரு துண்டு வெட்டி, பிளந்து, அந்த இடத்தில் உறை போலப் போட்டுவிட்டு உள்ளே வந்து சமையலைப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் வழியாக அவர்கள் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“பத்தாம் நம்பர் ஸ்பானர் குடுமா.”

“இது பன்னெண்டு.”

“அது வேண்டாம், அதுக்குப் பக்கத்துல.”

“டார்ச்சை இங்க காட்டுப்பா. என் கண்ணுல இல்ல, இங்க.”

“போறுமா? இன்னும் முறுக்கவா?”

“வேண்டாம், வேண்டாம், போதும்!”

இதுதான் சாயங்காலம் வரை. அன்பாக ஒரு வார்த்தை இல்லை, புத்திமதி இல்லை, எதிர்காலம் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. சூட்டைக் காட்டும் ஒரு சின்ன மீட்டரையும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டு, வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் நல்லபடியாக இருந்தது. கோதை இறங்கிவந்து, “ஓகேம்மா. நம்ம வண்டியிலேயே போலாம்” என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். இவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எண்ணெய் போக அவ்வளவு நேரம் ஆகாது.

ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டார்: “இன்னிக்கு நிறைய பேசினா, இல்ல?”

“பேசினா. சாப்பிடுங்க, ஆறுது” என்றேன்.

6

கிளம்பிய அன்று காலையில், பிஸ்கட்டைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன்னால், இவரைக் கொஞ்ச நேரம் காணவில்லை. வந்தபோது கை ஈரமாக இருந்தது. எண்ணெய் பார்த்தேன், கை கழுவினேன் என்றார். கோதை லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பூ இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, பொட்டு இல்லை. “தேங்க்ஸ்ப்பா” என்றாள்.

அடிவாரம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. கணவாய் ஏற ஆரம்பித்ததும் மீட்டர் முள்ளும் கூடவே ஏற ஆரம்பித்தது. இவர் ஏசியை அணைத்தார். வேகத்தைக் குறைத்தார். முள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து எரிந்த வாசனை ஒன்று வருவது போல எனக்கு ஒரு பிரமை. கடைசியில் ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

இது பச்சைமலைப் பாடம். கல்யாணமான புதிதில் வாடகை அம்பாசிடரில் பச்சைமலைக்குப் போனோம். பாதி மலையில் வண்டி புகைய ஆரம்பித்ததும் டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, ஈரச் சாக்கை எடுத்து முன்னால் போர்த்திவிட்டு, “நீங்க சாப்பிடுங்க, அதுவும் ஆறட்டும்” என்றார். மரவள்ளிக் காட்டோரம் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். சூடானால் அணை, தண்ணீர் தேடு, சாப்பிடு. மோட்டார் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

“அப்பா, ஆஃப் பண்ணாதே!” என்று கோதை கத்தினாள். “பார்க்ல போட்டு ஓடவிடு. எஞ்சின் ஓடினாத்தான் ஆயில் சுத்தும், ஆறும். ஷீட்ல போட்டிருக்கு.”

இவர் அவசரமாக மறுபடி ஸ்டார்ட் செய்தார். முள் இறங்கவில்லை. பெட்டிக்குள் பிஸ்கட் பொறுமையிழந்து உதைக்க ஆரம்பித்தது. உள்ளே வெக்கையாக இருந்திருக்கும், பாவம். கோதை ஓடிப்போய் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மேகன் வீட்டு ட்ரக் பின்னாலதான் வருது. அதுல இன்னும் ஒரு குதிரைக்கு இடம் இருக்கு. நான் பிஸ்கட்டோட அதுல போயிடறேன்பா. நீங்க திரும்பிப் போயிடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது. இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“ரெண்டு நிமிஷம் குடுமா. ஒழுகறதான்னு மட்டும் பாத்துடறேன்” என்றார். கிரில்லைக் கழற்றுவதில் இவர் இப்போது கைதேர்ந்தவர். மளமளவென்று கழற்றினார். கழற்றிவிட்டு அதைக் கையில் பிடித்தபடியே, எங்களுக்குக் கூலரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“நகருப்பா” என்றாள் கோதை.

நகர்ந்தார்.

கூலர் இருந்த இடத்தில் கூலரைக் காணோம். மூலவருக்குச் சாத்துவது போலச் சந்தனக்காப்பு. மேலிருந்து கீழ்வரை ஒரு தகடு விடாமல் கெட்டிச் சந்தனம், அதன் மேல் பெரிதாகத் திருமண், நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். எல்லாம் காய்ந்து, சுவர் மாதிரி இறுகிக் கிடந்தது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை.

“அப்பா.” கோதையின் குரல் மெதுவாக வந்தது. “ஏன்பா உள்ள?”

“நீதானேமா வெளில ஒண்ணும் வேண்டாம்னே.”

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் மலைக்கோட்டைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அந்தக் கணத்தில் பெருமாளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“எவ்வளவு போட்டே?”

“ஒரு டப்பா.” பிறகு, நியாயம் சொல்வது போல, “மலை ஆச்சேமா.”

கோதையின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோளெல்லாம் குலுங்க, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரச் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஒரு டப்பா! அம்மா, ஒரு டப்பாவாம்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அது மூச்சு விடணும்பா!”

“பெருமாள் பாத்துப்பார்னு நெனச்சேன்” என்றார் இவர்.

“காத்து வர்ற வழியெல்லாம் அடைச்சுட்டா அவருதான் என்னங்க பண்ணுவாரு?” என்றேன் நான். லாரி ஆபீஸ் பெண் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

பிஸ்கட்டின் முகத்துக்கு என்று ஒரு மெத்தென்ற பிரஷ் உண்டு. அதையும் அதன் தண்ணீர்க் கேனையும் கோதை எடுத்து வந்தாள். தகடு மடங்காமல் அவள் மெதுவாகத் தேய்க்க, இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். “இந்தப் பக்கம்பா.” “இன்னும் ஊத்தவா?” “மெதுவா, மெதுவா.” மஞ்சள் தண்ணீர் சாலையோரமாக ஓடியது. அந்த மலை முழுக்கச் சந்தனம் மணத்தது. நடுவில் மேகன் வீட்டு லாரி வேகம் குறைந்து எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். கோதை பிரஷ்ஷோடு கையை ஆட்டி, “வேண்டாம், அப்பா இருக்கார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இவர் கேனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

முள் இறங்கியது. கோதை முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். “நீ ரோட்டைப் பாருப்பா. மீட்டரை நான் பாக்கறேன்” என்றாள். உச்சி வரையிலும், பிறகு மறுபக்கம் இறங்கி முடியும் வரையிலும், அவள் பாரன்ஹீட் கணக்கில் நம்பர் சொல்லிக்கொண்டே வந்தாள். நூத்தித் தொண்ணூறு. நூத்தி எண்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் இவர் “சரிமா” என்றார். பின் இருக்கையில் நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

7

பெண்ணை, குதிரையை, பெட்டியை, லாரியை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விமானத்தில் திரும்பினோம். வாட்ஸ்அப்பில் போட்ட அந்த போட்டோ அங்கே லாயத்து வாசலில் எடுத்ததுதான். வீடு வெறிச்சென்று இருந்தது. வாசலில் சிவப்பு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சங்கத்திலிருந்து அதற்கும் ஒரு கடிதம் வந்திருந்தது.

கொஞ்ச நாள் பழையபடிதான். இவர் நாலு வரி எழுதி அனுப்புவார். ஒற்றை எழுத்தில் பதில் வரும். இவர் அந்த ஒற்றை எழுத்தை எனக்குக் காட்டுவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை போன் வந்தது. எனக்கு இல்லை, இவருக்கு.

“அப்பா, வைக்கோல் ஏத்திண்டு மேட்டுல போறப்போ நூத்தி எண்பத்தஞ்சு காட்டுது. ஓகேதானே?”

செய்முறைத் தாளை எழுத்து விடாமல் படித்தவள் அவள். எது ஓகே, எது ஓகே இல்லை என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வெளியில் வெயில் எப்படி, பாரம் எவ்வளவு, எண்ணெய் நிறம் பார்த்தாயா என்றெல்லாம் விசாரித்து, ஓகேதான் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையும் போன் வந்தது. அதற்கடுத்த வாரமும். மீட்டரில் ஆரம்பிக்கும். பிறகு பிஸ்கட்டின் குளம்பு, கெமிஸ்ட்ரி டீச்சர், ஹாஸ்டலில் சூப் என்ற பெயரில் ஊற்றும் ஏதோ ஒன்று, மேகனோடு சண்டை, மேகனோடு சமாதானம். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இது நடக்கிறது. சனிக்கிழமை காலையில் இவரை வேறு எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது.

போன சனிக்கிழமை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இப்ப மேட்டுல ஏறிண்டிருக்கேன். நூத்தித் தொண்ணூறு வருது. பரவாயில்லையா?”

எனக்குக் காது கூர்மை. பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. துணி துவைக்கும் மெஷின் கடகடவென்று ஓடுகிறது, பெண்கள் சிரிக்கிறார்கள். அதோடு, லாரியை டயர் மாற்றக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமைதான் தருவார்கள் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் இவர் பக்கம் குனிந்தேன்.

“என்னங்க, வண்டி டயர் கடையிலல்ல நிக்குது? இவ எந்த மேட்டுல...”

இவர் சட்டென்று போனை உள்ளங்கையால் மூடினார்.

“தெரியும். எங்கிட்டயும் சொன்னா. நீ சும்மா இரு.”

கையை எடுத்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நூத்தித் தொண்ணூறா? கொஞ்சம் யோசிக்கணுமேமா. உனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? எங்கேர்ந்து ஏறினே, முதல்லேர்ந்து சொல்லு.”